பாம்பன்: பிளஸ் டூ முடித்த அக்கா மகளுக்குச் செலவு குறைந்த கல்லூரி எது?

பாம்பன் மாமா:
வணக்கம். அக்கா மகள் பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் 471 மார்க் எடுத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ரிசல்ட் வருவது மே மாதம். வீட்டில் காசே புழங்காத நேரத்தில்தான் கல்லூரிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். நிவாரணம் 8,000 ரூபாய் அரிசிக்கும் பழைய கடனுக்குமே பத்தாது.

நேற்று ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுங்கள், இப்போது 10,000 கட்டுங்கள், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். புதுமைப்பெண் பணமும் வாங்கித் தருவார்களாம். அக்கா சங்கிலியை அடகு வைக்கக் கழற்றிவிட்டாள். பிள்ளைக்கு விலங்கியல் அல்லது கடல் சம்பந்தமான படிப்பில் ஆசை. என்ன செய்யலாம்?

மண்டபம் டீச்சர்:
தம்பி, முதலில் சங்கிலியை அக்கா கழுத்தில் போடச் சொல்லுங்கள்.

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுதான். ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, மகளிருக்கென்று தனியாக ஓர் அரசுக் கல்லூரியும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் ராமேஸ்வரத்திலேயே அப்துல் கலாம் பெயரில் ஒன்று. தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே இணையதளம். ஐம்பது ரூபாயில் விண்ணப்பித்துவிடலாம். பட்டியலில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்று பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் குறித்து வையுங்கள்.

471-ஐ வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். அறிவியல் படிப்புக்குத் தமிழ், ஆங்கில மார்க்கை எடுத்துவிட்டு, மற்ற நான்கு பாடங்களையும் 400-க்குக் கூட்டித்தான் ரேங்க் போடுவார்கள். அந்தக் கூட்டல் எவ்வளவு வருகிறது என்று இன்றே பாருங்கள்.

புதுமைப்பெண் திட்டம் யாரும் வாங்கித் தருவதல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை மேல்படிப்பில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு அந்த இணைப்பு இல்லாமல் பணம் தொங்கியது. அவள் அம்மா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வங்கிக்கு அலைந்ததைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

தினமும் பாம்பன் பாலம் தாண்டிப் போய்வருவது சிரமம் என்றால், ராமநாதபுரத்தில் அரசு நல விடுதிக்கு எழுதிப் போடுங்கள். சோறும் தங்கலும் இலவசம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஜூனில் கூட்டம் அம்மும்.

கடல் படிப்பு ஆசையை விட வேண்டாம். விலங்கியல் முடித்தால் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949 முதல் பல ஆண்டுகள் தலைமையிடமாக வைத்திருந்ததே எங்கள் மண்டபம் முகாமைத்தான். அந்த வாசலைத் தாண்டி ஐஸ் பெட்டி தூக்கிப் போகும் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே ஆய்வாளராகப் போக வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

ஏர்வாடிக்காரன்:
அண்ணே, மீன்வளப் படிப்பு பிஎப்எஸ்சிக்கும் போட்டுவிடுங்கள். நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி, கலைக் கல்லூரி இணையதளத்தில் வராது. இந்த ஒன்று தெரியாமலே எங்கள் ஊரில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாம்பன் மாமா:
டீச்சர், தம்பி, ரொம்ப நன்றி. கூட்டிப் பார்த்தோம், நான்கு பாடத்தில் 318 வருகிறது. இரண்டுக்கும் போடுகிறோம். அந்த ஆட்கள் நாளைக்குத் திரும்ப வருவார்கள். மார்க் ஷீட்டைக் காட்டவாவது வேண்டுமா?

மண்டபம் டீச்சர்:
ஜெராக்ஸ் கூடக் கொடுக்க வேண்டாம். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அதை மீறி வாங்கி வைத்துக்கொண்டால், கலந்தாய்வு அன்று பிள்ளை வெறுங்கையோடு நிற்பாள். 318-க்கு முயற்சி செய்யலாம். முதல் சுற்றில் வராவிட்டாலும் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள், காலி இடங்கள் வரும். விண்ணப்பம் போடும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பார்த்துவிடுவேன்.