நீண்ட இடைவெளிக்குப் பின் இளங்குதிரையின் கேண்டர்

கேள்வி: எட்டு மாத இடைவெளிக்குப் பின் என் ஐந்து வயதுக் குதிரையில் மீண்டும் ஏறத் தொடங்கியுள்ளேன். நடையிலும் டிராட்டிலும் (மிதமான ஓட்டம்) குறையில்லை. ஆனால் கேண்டருக்கு (டிராட்டைவிட வேகமான, மூன்று தாள ஓட்டம்) குறிப்புக் கொடுத்தவுடன் தலையை உயர்த்திக்கொண்டு டிராட்டிலேயே விரைந்து ஓடுகிறது, இடப்புற வட்டத்தில் பெரும்பாலும் தவறான காலை (இட முன்னங்காலுக்குப் பதில் வல முன்னங்காலை) முன்வைத்தே கிளம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் சேணத்தைப் பாருங்கள். வேலையின்றி நின்ற குதிரையின் முதுகுத் தசை வற்றியிருக்கும். பழைய சேணம் இப்போது தோளை அழுத்தக்கூடும். பிறகு, ஆள் ஏறாமல் நீள்கயிற்றில் 20 மீட்டர் வட்டத்தில் ஓடவிட்டு, அங்கும் அதே தவறு வருகிறதா என்று கவனியுங்கள்.

பதில் 2: இடப்புறக் கேண்டரின் முதல் அடியை எடுப்பது வலப் பின்னங்கால் என்பதால், அந்தக் கால் உடலுக்கு அடியில் வந்து ஊன்றாத வரையில் எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. நடைக்கும் டிராட்டுக்கும் இடையே பலமுறை மாற்றிவிட்டு, திடலின் மூலையை நெருங்கும்போது குறிப்புக் கொடுங்கள். விரைந்தால் துரத்தாமல், டிராட்டை நிதானப்படுத்திய பின் மறுபடி முயலுங்கள். பத்துப் பாய்ச்சல் ஒழுங்காக வந்தால் அன்றைக்கு அது போதும்.

கேட்டவர்: நீள்கயிற்றில் இருபுறமும் பிழையின்றி ஓடியது. நான்தான் இடப்பக்கம் சாய்ந்து, உட்புறக் கடிவாள வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காணொளியில் என் இடத் தோள் சரிந்து கிடப்பது கண்கூடாகத் தெரிகிறது.