கெயினை 3-க்கு மேல் திருப்பினால் வாசிக்கத் தெரியாதவனா?

கருங்கம்பி:
வீட்டில் மெட்டல் கிட்டார் பதிவது எப்படி என்று முந்தாநாள் ஒரு பையன் கேட்டிருந்தான். அதற்கு, ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தை எவ்வளவு கரகரப்பாக்குவது என்று வைக்கும் கெயின் குமிழைப் பற்றி வலதுகை எழுதிய பதில் இது: "கெயினை 3-க்கு மேல் திருப்புகிறவனுக்கு வாசிக்கத் தெரியாது. இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்." பையன் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. இரண்டு நாளாக எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

நான் 6-ல் வைக்கிறேன். பதினோரு வருடமாக வாசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார், கிட்டாரை லேப்டாப்பில் இணைக்க இரண்டு உள்ளீடு உள்ள சின்ன இன்டர்ஃபேஸ், பழைய லேப்டாப், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் ஆம்ப் சிம் (ஆம்ப்ளிஃபையர் மாதிரி ஒலிக்கும் மென்பொருள்). இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. நான் எதற்குப் பின்னாலும் ஒளியவில்லை.

என் டோன் திருந்தியது கெயினைக் குறைத்ததால் அல்ல. சுருதியை டிராப் சி என்ற தாழ்ந்த ட்யூனிங்குக்கு இறக்கிவிட்டு, ஸ்டாண்டர்ட் ட்யூனிங்குக்கான மெல்லிய 10-46 கம்பியையே மாட்டி வைத்திருந்தேன். அடிக் கம்பி துணிக்கொடி மாதிரி தொங்கியது. ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே போய்விட்டுத்தான் கீழே வரும். இரண்டு டிராக் பதிந்து இடமும் வலமும் தள்ளினால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். அதை மாதக்கணக்கில், அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவால் சரிசெய்யப் பார்த்தேன். தடித்த 11-54 மாட்டி, எல்லாக் கட்டிலும் சுருதி சேர்கிறதா என்று இன்டோனேஷன் பார்த்த அன்றைக்கே பாதி நோய் போய்விட்டது. அப்போதும் கெயின் 6-தான். உருப்படியாகச் சொல்ல இவ்வளவு இருக்கும்போது, 3 என்ற ஒரு எண்ணை எடுத்துச் சின்னப் பையன் தலையில் அடிப்பானேன்?

வலதுகை:
தம்பி, என் பெயரைப் போட்டு இழை திறந்ததால் வந்தேன். சொன்னதில் மாற்றம் இல்லை. 3.

கெயின் ஏற ஏறச் சத்தம் நசுங்குகிறது. ஓங்கி அடித்ததும் லேசாகத் தொட்டதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிக்கும் பாம் மியூட்டில் பிக் கம்பியை வெட்டுகிற அந்த முதல் அடி காணாமல் போகும். தனியாகக் கேட்டால் பிரம்மாண்டமாகத்தான் இருக்கும். இடம் ஒன்று வலம் ஒன்று என்று சேர்த்து, டிரம்ஸையும் உள்ளே விட்டுப் பாருங்கள். மழையில் தகரக் கூரை மாதிரி ஒரே ஓசை, அதில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரியை, ரிஃப்பை, தேடவேண்டியிருக்கும். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். பையன் மனம் நோகுமே என்று பொய் சொல்ல என்னால் முடியாது.

ஏழாம்தந்தி:
வலதுகை அண்ணா சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கெயினைக் குறைத்த பிறகுதான் என் டவுன்பிக்கிங் (கீழ்நோக்கியே அடிப்பது) எவ்வளவு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

கருங்கம்பி:
முதலில், நான் உங்கள் தம்பி இல்லை. எனக்கு 36 வயது.

இரண்டாவது, கெயினைக் குறைத்துப் பயிற்சி செய் என்பது வேறு, 3-க்கு மேல் வைத்தால் வாசிக்கத் தெரியாது என்பது வேறு. முதலாவதை நான் எப்போது மறுத்தேன்? இரண்டாவதைப் பற்றிப் பேசுங்கள்.

பாஸ் கம்பெனியின் எச்எம்-2 தெரியுமா, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்? 1983-ல் வந்தது, நான்கு குமிழ். ஸ்டாக்ஹோமில் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ப்டு இசைக்குழு, 1990-ல் வெளியான தன் முதல் ஆல்பத்தைப் பதிந்தபோது அந்த நான்கையும் முழுசாகத் திருப்பி வைத்தார்கள். ஸ்வீடிஷ் டெத் மெட்டல் என்ற ஒரு சத்தமே அதிலிருந்துதான் பிறந்தது. ரம்பத்தால் மரம் அறுப்பது மாதிரி இருக்கும் அது. இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்கு மயிர் சிலிர்க்கும். அவர்களுக்கெல்லாம் வாசிக்கத் தெரியாதா?

வலதுகை:
அது ஸ்டாக்ஹோம், ஸ்டுடியோ. நாம் பேசுவது வீட்டு அறை. 3.

மாடியறை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 3 என்று சொல்கிறீர்களே, எந்த ஆம்பில்? பீவி 5150 மாடலின் லீட் சேனலில் 3 வைத்தாலே மெட்டலுக்குத் தாராளம். பழைய மார்ஷல் ஜேசிஎம்800 மாடலில் 3 வைத்தால் மெட்டலுக்கு எட்டவே எட்டாது. அதோடு, இன்டர்ஃபேஸ் குமிழும் கணக்கில் வரும். அங்கே ஏற்றினால் ஆம்ப் சிம்முக்குள் போகும் சிக்னலும் ஏறும். ஒருவருடைய 3-ம் இன்னொருவருடைய 6-ம் ஒரே அளவு டிஸ்டார்ஷனாக இருக்கலாம். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பும் கணக்கில் வரும். முதலில் இரண்டு பேரும் ஒரே ஆம்ப் மாடல், ஒரே உள்ளீட்டு அளவு என்று வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

என் அனுபவத்தில் இது எதையும் விட ஐஆர்தான் (ஸ்பீக்கரும் மைக்கும் தரும் ஒலிக்குணத்தைப் பிடித்துவைத்த ஃபைல்) அதிகம் மாற்றுகிறது. அதே விண்டேஜ் 30 ஸ்பீக்கர், அதே எஸ்எம்57 மைக், கோனின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் விளிம்புப் பக்கம் நகர்த்தி எடுத்த ஐஆரைப் போட்டால் கீச்சுக் குரல் எல்லாம் அடங்கிவிடும். ஆம்பில் ஒரு மணி நேரம் குமிழ் திருகினாலும் அது கிடைக்காது. ஐஆர் போடாமலே ஆம்ப் சிம்மைக் கேட்டுவிட்டு, தேனீக்கூட்டம் மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் எத்தனை பேர்!

கருங்கம்பி:
மாடியறை, ஐஆர் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே கேள்வி 3.

சொல்வேட்டை:
ஒரு வேண்டுகோள். 'கெயின்' என்பதற்குப் 'பெருக்கம்' என்று அழகான சொல் இருக்கிறது. தமிழில் இழை நடத்திவிட்டு 'ஈக்யூ', 'டோன்', 'ரிஃப்' என்று எழுதினால் வருத்தமாக இருக்கிறது.

ஏழாம்தந்தி:
பெருக்கத்தை 3-ல் வை என்றால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. கடையில் போய் என்னவென்று கேட்பது?

சொல்வேட்டை:
கடைக்காரர் சொல்வதுதான் மொழியா? 'கணினி' என்றபோதும் இப்படித்தான் பேசினார்கள். இன்றைக்கு எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

வலதுகை:
சரி, பெருக்கம் 3. போதுமா?

கருங்கம்பி, நீங்கள் தம்பி இல்லை என்றால் நண்பரே என்று கூப்பிடுகிறேன். நண்பரே, உங்கள் குறையே வேறு. உங்கள் கிட்டாரில் அடி ஓசை, அதாவது தாழ்ந்த ஓசை, கூட வேண்டும் என்றுதான் கெயினையும் பேஸையும் ஏற்றுகிறீர்கள். மெட்டலில் அடி பேஸ் கிட்டாருடையது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டாரை மிக்ஸில் கிட்டத்தட்ட இல்லாமலே செய்துவிட்டார்கள். கிட்டார் எவ்வளவு கச்சிதமாக வாசித்திருக்கிறார்கள்! இருந்தும் சத்தம் எலும்பாக நிற்கிறது. கிட்டாரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தைப் பேஸுக்குக் கொடுங்கள். பேஸிலேயே கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேருங்கள். அப்போது கிட்டார் 3-லேயே மலை மாதிரி நிற்கும்.

கருங்கம்பி:
மிக்ஸில் ஒருவரை இல்லாமல் செய்வது பற்றி நீங்கள் பேசுகிறீர்களா?

இரண்டு வருடம் முன்பு நாம் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோமே, மிக்ஸ் யார்? நீங்கள். வலது பக்கக் கிட்டார் யார்? நான். நான்கு டிராக் அனுப்பினேன். நான்கும் தனித்தனியாக வாசித்தது, ஒன்றை வெட்டி ஒட்டியது கிடையாது. வேலை முடிந்து வந்து நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். முடிந்த பாட்டில் என் கிட்டார் எங்கே? ஹெட்ஃபோனை வலது காதில் மட்டும் அழுத்திப் பிடித்தால்தான் கேட்கிறது. அன்றைக்கும் "கெயின் அதிகம், அதனால் குறைத்தேன்" என்றுதான் சொன்னீர்கள். ஆம்ப் எதுவும் சேராத டிஐ டிராக்கையும் சேர்த்துத்தானே அனுப்பினேன்? அதை உங்கள் விருப்பப்படி வேறு ஆம்ப் வழியாக விட்டு ரீஆம்ப் செய்திருக்கலாமே? எனக்கு இந்த 3 மேல் இருக்கிற கோபம் நேற்று வந்தது இல்லை. மறைக்கவும் இல்லை.

வலதுகை:
டைமிங் சரியில்லாததால் குறைத்தேன். கெயின் என்று சொன்னது மரியாதைக்காக.

கருங்கம்பி:
இதை இரண்டு வருடம் கழித்து எல்லோர் முன்னாலும் சொல்கிறீர்கள். நன்றி.

பனிக்காடு:
டொராண்டோவிலிருந்து. சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. கெயினை 5-க்கு ஏற்றினாலே எனக்கு உறுமல் வருகிறது. 60 ஹெர்ட்ஸை வெட்டினேன், கொஞ்சம்தான் குறைந்தது. கெயின் 3 என்பது இதற்காகத்தானா?

மாடியறை:
உங்கள் ஊரில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஆனால் உறுமல் அந்த ஓர் இடத்தில் மட்டும் இருக்காது. 120, 180 என்று மடங்குகளிலும் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஈக்யூவில் வெட்டித் தீராது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கிட்டாரைப் பிடித்தபடி அறைக்குள் மெதுவாகத் திரும்புங்கள், ஏதோ ஒரு திசையில் அடங்கும். அந்தத் திசையில் உட்கார்ந்து பதியுங்கள். வாசிக்காதபோது சத்தத்தை மூடும் நாய்ஸ் கேட்டை ஆம்புக்கு முன்னால் போடுங்கள். ஆம்புக்குப் பின்னால்தான் வேண்டும் என்றால், அது டிஐ சிக்னலைக் கேட்டுத் திறக்கும்படி சைட்செயின் செய்யுங்கள். பாம் மியூட் முடியும்போது சுத்தமாக மூடும்.

கருங்கம்பி:
என் வீட்டில் டூ பின் சார்ஜர்தான், சுவரில் எர்த் சரியில்லை. நான் பேட்டரியில்தான் பதிகிறேன். 6-ல் வைத்தும் உறுமல் இல்லை. ஆக இரைச்சல் வரும் என்ற வாதமும் போச்சு.

வலதுகை:
அந்த வாதத்தை நான் வைக்கவே இல்லை.

கருங்கம்பி:
"இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்." உங்கள் வார்த்தை. மேலே இருக்கிறது.

வலதுகை:
சரி, பேச்சு போதும். உங்கள் டிஐ டிராக்கைக் கொடுங்கள். 3-ல் வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் வாசித்ததே, நீங்கள் பயன்படுத்தும் அதே இலவச 5150 மாடலே. கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

கருங்கம்பி:
போட்டுவிட்டேன். இரண்டு டிராக், டிராப் சி, 140 பிபிஎம். டைமிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலதுகை:
ஏற்றியிருக்கிறேன். கேளுங்கள். கெயின் 3. இரண்டாவது பாரில் குதிரை ஓட்டம் மாதிரி வரும் அந்தக் கலாப் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று பாருங்கள். பாம் மியூட் அடிக்கும்போது 100-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை பொங்கியது, அந்த இடத்தை மட்டும் அடக்க மல்டிபேண்ட் கம்ப்ரசர் போட்டேன். 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு விசில் இருந்தது, குறுகலாக வெட்டினேன். வாசிப்பு பரவாயில்லை, முன்பைவிடத் தேறியிருக்கிறீர்கள்.

ஏழாம்தந்தி:
அருமையாக இருக்கிறது அண்ணா! ஸ்கிரீன்ஷாட்டில் ஆம்புக்கு முன்னால் பச்சையாக ஒரு பெடல் தெரிகிறதே, அது என்ன?

வலதுகை:
ட்யூப் ஸ்கிரீமர். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழ் பூஜ்யம், வெளியே போகும் அளவை வைக்கும் லெவல் குமிழ் முழுசு. அது எல்லோரும் போடுவதுதான். அடியை வெட்டி நடுவைத் தூக்கும், ஆம்ப் இறுகிவிடும்.

கருங்கம்பி:
நில்லுங்கள், நில்லுங்கள்.

லெவல் முழுசா? ஆம்பின் வாசலில் அத்தனை சிக்னலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, ஆம்பில் உள்ள குமிழைக் காட்டி 3 என்கிறீர்களா? நான் பெடலே போடாமல் 6-ல் வைக்கிறேன். நீங்கள் முன்னால் ஒன்றை வைத்துத் தள்ளிவிட்டு 3-ல் வைக்கிறீர்கள். இது 3 கிடையாது. சத்தம் நன்றாக இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன், அந்தக் கலாப் நிஜமாகவே நன்றாக விழுகிறது. ஆனால் இது 3 கிடையாது. அந்தப் பையன் உங்கள் பேச்சைக் கேட்டுப் பெடல் இல்லாமல் 3-ல் வைத்திருப்பான், சப்பென்று இருந்திருக்கும், தனக்குத்தான் கை வரவில்லை என்று கிட்டாரை மூலையில் சாத்தியிருப்பான். பெடலை அவனிடம் ஏன் சொல்லவில்லை?

வலதுகை:
டிரைவ் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன், படிக்கவும். பூஜ்யத்தில் என்ன கெயின் கூடும்? ஆம்பில் 3. ஸ்கிரீன்ஷாட்டில் 3. அது 3.

மாடியறை:
லெவலை ஏற்றினாலும் ஆம்பின் உள்ளே டிஸ்டார்ஷன் கூடத்தான் செய்யும். அதேசமயம் அடி குறைவதால் நசுங்கல் குறைவாகக் கேட்கும். அதனால்தான் இரண்டு பேருக்கும் தாங்கள் சொல்வது சரி என்று தோன்றுகிறது. இன்டர்ஃபேஸில் உள்ளீடு எவ்வளவு வைத்துப் பதிந்தீர்கள் கருங்கம்பி? உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கமா, அதற்கு மேலேயா?

சொல்வேட்டை:
'லெவல்' என்பதற்கு 'மட்டம்'.

வலதுகை:
மாடியறையே சொல்லிவிட்டார், நசுங்கல் குறைவு என்று. அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

கருங்கம்பி:
டிஸ்டார்ஷன் கூடும் என்றும்தான் சொன்னார். பாதியைப் படித்துவிட்டு ஜெயித்தேன் என்று கிளம்பாதீர்கள்.

என் உள்ளீடு என்ன என்பதா இப்போது கேள்வி? பெடலைக் கழற்றிவிட்டு, அதே டிஐ, அதே ஆம்ப், 3-ல் வைத்து இன்னொரு முறை ஏற்றுங்கள். காத்திருக்கிறேன்.

ஏழாம்தந்தி:
என்னிடமும் அந்த டிஐ இருக்கிறது, நானே பெடல் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். 3-ல் கொஞ்சம் மெலிவாக இருக்கிறது. 4-ல் நன்றாக இருக்கிறது.

வலதுகை:
4 எல்லாம் கணக்கில் வராது. உன் ஐஆர் வேறு.

கருங்கம்பி:
ஐஆர் வேறு என்றால் எண்ணும் வேறு என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

வலதுகை:
இல்லை. 3. ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார், ராத்திரி வந்து ஏற்றுகிறேன். பெடலோடுதான் ஏற்றுவேன், ஏனென்றால் அப்படித்தான் வாசிக்கவேண்டும்.

கருங்கம்பி:
பெடல் இல்லாமல். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் விழித்திருக்கிறேன். அப்படியே அந்தப் பழைய பாட்டின் மிக்ஸ் ஃபைலையும் அனுப்புங்கள், என் கிட்டாரை நானே ஏற்றிக்கொள்கிறேன்.

பனிக்காடு:
சார்ஜரைக் கழற்றினேன், உறுமல் போய்விட்டது. நன்றி மாடியறை. இப்போது கெயின் எவ்வளவு வைக்கட்டும்?

வலதுகை:
3.

கருங்கம்பி:
6. பெடல் இருந்தால் அதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.