காலைல மட்டும் படுத்தி எடுக்குற டீசல் வண்டி: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஊட்டி_வண்டிக்காரன்:

லவ்டேல்ல வீடு. வீட்டு முன்னாடி ரோடு நல்ல மேடு, அதுலதான் தினமும் வண்டிய நிறுத்துறது, ஏன் இத முதல்லயே சொல்றேன்னு பின்னாடி புரியும். காமன் ரெயில் டீசல் கார் (ஒரே பொதுக் குழாய்ல டீசல அதிக அழுத்தத்துல வச்சு எல்லா சிலிண்டருக்கும் அனுப்புற வகை), 1 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. டிசம்பர் ஆரம்பத்துலருந்து காலைல செல்ஃப் அடிச்சா லேசுல எடுக்காது. பத்து செகண்டு, பன்னெண்டு செகண்டு சுத்தணும், அப்புறம் டக்குனு பிடிச்சு ஒரு நிமிஷம் ஆர்பிஎம் ஏறி எறங்கி ஏறி எறங்கி ஸ்டியரிங் எல்லாம் நடுங்கும், பக்கத்து வீட்டு பாட்டி ஜன்னல தொறந்து எட்டிப் பாக்கும். அதுக்கப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி நாள் முழுக்க ஜம்முனு ஓடும்.

விடியக்காலைல 4 டிகிரி, காரு மேல வெள்ளையா பனி உறைஞ்சு கெடக்கு, இந்த லட்சணத்துல யார்ட்ட கேட்டாலும் ஒரே பதில்தான், ஹீட்டர் பிளக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள்ள சூடு பண்ற பிளக்) போச்சு. நானும் நம்பி நாலையும் மாத்தினேன். மறுநாள் அதே கதை. சரி பேட்டரிக்கு நாலு வருஷம் ஆச்சேன்னு அதையும் மாத்தினேன். செல்ஃப் இப்ப சும்மா வேகமா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆக அதே பத்து செகண்டு. பத்தாயிரத்துக்கு மேல காலி, வீட்ல என்னைய பாக்குற பார்வையே மாறிடுச்சு.

பொங்கலுக்கு கோத்தகிரில மச்சான் வீட்ல ரெண்டு நாள் தங்குனோம். ரெண்டு நாளும் சாவி திருப்பின உடனே ஸ்டார்ட். குளிர் கொஞ்சம் கம்மி, அதான் போலன்னு நான் நெனச்சா, மச்சான் கிண்டலா சொல்றாரு, "மாப்ள, உங்க வீட்ல வண்டி வானத்த பாத்து நிக்குது, இங்க தலைய தொங்கப் போட்டு நிக்குது, அதான் ஒழுங்கா வேலை செய்யுது"ன்னு. அவரு விளையாட்டுக்குதான் சொன்னாரு, எனக்கு ராத்திரி தூக்கம் வரல. வீட்டுக்கு வந்து அன்னைக்கு வண்டிய திருப்பி, மூக்கு பள்ளத்த பாத்து நிறுத்துனேன். காலைல அதே 4 டிகிரி, அரை சுத்துல ஸ்டார்ட்! மறுநாள் பழையபடி மேட்ட பாத்து நிறுத்துனேன், பாட்டி ஜன்னல தொறந்துச்சு.

டேங்க் பின்னாடி, எஞ்சின் முன்னாடி. இந்த வண்டில டேங்குக்குள்ள மோட்டார் கெடையாது, எஞ்சின்ல இருக்குற பம்புதான் டீசல உறிஞ்சி இழுத்துக்கணும். மூக்கு மேல இருந்தா லைன்ல இருக்குற டீசல் ராத்திரில டேங்குக்கே திரும்பி எறங்கப் பாக்கும், ஆனா எங்கயாச்சும் காத்து உள்ள நுழைஞ்சாதான் எறங்க முடியும். ஸ்ட்ரா மேல விரல் வச்சு மூடினா ஜூஸ் எறங்காது, விரல லேசா தூக்கினா எறங்கிடும் பாருங்க, அதேதான். அப்பதான் நவம்பர் கடைசில டீசல் ஃபில்டர் மாத்தினது ஞாபகம் வந்துச்சு. மெக்கானிக் அண்ணன் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல உள்ள தெரியுற மாதிரி ஒரு டியூப மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னாரு, சோடா மாதிரி குமிழ் குமிழா வருது. கழட்டிப் பாத்தா காத்து போகாம அடைக்கிற ரப்பர் வளையம், ஓ ரிங், பழசையே திருப்பி மாட்டிருக்காங்க, அதுவும் ஒரு பக்கம் நசுங்கி கெடக்கு. வெளிய ஒரு சொட்டு டீசல் ஒழுகல, ஏன்னா அந்த எடத்துல இழுவைதான், காத்து உள்ள போகும், டீசல் வெளிய வராது. புது ரிங் 60 ரூபா.

இன்னொன்னு, செல்ஃப் சுத்துறப்ப சைலன்சர்ல புகையே வரல, அத நான் கவனிக்கவே இல்ல. ஹீட்டர் பிளக் போயிருந்தா டீசல் உள்ள போகும், எரியாது, அப்படியே வெள்ளைப் புகையா வெளிய வரும். புகையே இல்லைன்னா டீசலே போய்ச் சேரலன்னு அர்த்தம்.

ஓசூர்_பையன்:

அண்ணா எனக்கு அப்படியே உல்டா. ஸ்டார்ட் ஆகும், ஆனா மூணு கால்ல நிக்கிற மாடு மாதிரி ஆடும், தெரு முழுக்க வெள்ளைப் புகை, கண்ணு எரியும், ஒரு நிமிஷத்துல எல்லாம் சரியாகிடும். டேஷ்போர்டுல ஹீட்டர் பிளக்குக்கான காயில் லைட்டு எரிஞ்சு ஒழுங்கா அணையுது, அதனால பிளக் நல்லாருக்குன்னே இருந்தேன். என் வண்டில அந்த லைட்டுக்கும் பிளக் உயிரோட இருக்கான்றதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வயர கழட்டி மல்டிமீட்டர் வச்சா ரெண்டு பிளக் 1 ஓம்முக்கு உள்ள காட்டுது, அது நல்லாருக்கு, மீதி ரெண்டு ஒன்னுமே காட்டல, கட் ஆகிருச்சு.

ஆனா கழட்டுறப்ப ஜாக்கிரதை, எங்க சித்தப்பா வண்டில குளிர்ந்த எஞ்சின்ல ஸ்பேனர் போட்டு முறுக்கி ஒன்னு உள்ளயே ஒடிஞ்சு எஞ்சின் மேல்பாகமான ஹெட்டையே எறக்க வேண்டியதாயிடுச்சு. முந்துன நாள் ராத்திரியே துரு எடுக்குற ஆயில் விட்டு, எஞ்சின சூடு பண்ணி, மெதுவா, வரலன்னா விட்டுட்டு திரும்ப ஆயில்.

மதுரை_டாக்ஸி:

எங்க ஊர்ல ஏதுங்க குளிரு, எனக்கு காலைல சூப்பரா ஸ்டார்ட் ஆகும், மத்தியானம் சவாரி எறக்கிட்டு டீ குடிச்சுட்டு வந்து அடிச்சாதான் எடுக்காது, ஐடில்ல வேற நாள் முழுக்க மிஸ்ஸிங், கஸ்டமரு சார் வண்டி ஆடுதேன்னு கேக்குறாங்க. ஸ்கேனர் போட்டா செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர், அதான் அந்தப் பொதுக் குழாய்ல உள்ள டீசல் அழுத்தம், 120 பார் தாண்ட மாட்டேங்குது, அது 200 பாரு பக்கம் ஏறாம என் வண்டில ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) டீசல பீச்சுற இஞ்செக்டர தொறக்கவே தொறக்காதாம். பம்ப்பு கடைக்காரர் நாலு இஞ்செக்டர்லயும் மிச்ச டீசல் திரும்பிப் போற ரிட்டன் பைப்பையும் கழட்டி நாலு பாட்டில்ல விட்டாரு, மூணு பாட்டில்ல அடில கொஞ்சூண்டு, மூணாவது இஞ்செக்டர் பாட்டில் மட்டும் நெறைஞ்சு வழியுது. தேஞ்சுபோன இஞ்செக்டரு, சூடானா டீசல் இன்னும் தண்ணி மாதிரி இளகி அந்த வழியா கசிஞ்சு ஓடிருது, அதான் சூட்டுல எடுக்கல. அந்த ஒன்ன மாத்தினதும் சரியாயிருச்சு. பாட்டில் டெஸ்டுக்கு அவரு காசே வாங்கல, முந்தி ஒருத்தர் பம்ப்பே போச்சு முப்பதாயிரம் ஆகும்னாரு!!

சும்மா_ஒருத்தன்:

ஐடில்ல நடுங்குதுன்னு எல்லாரும் இஞ்செக்டர கழட்ட ஓடாதீங்கப்பா. ஆர்பிஎம் முள்ளு ஆடுதான்னு முதல்ல பாருங்க. எனக்கு முள்ளு அசையாம நின்னுச்சு, பாடி மட்டும் நடுங்குச்சு, ரிவர்ஸ் கியர் போட்டா டங்குனு ஒரு சத்தம். எஞ்சின தாங்கிப் பிடிக்கிற மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்.

ஓசூர்_பையன்:

ஒரு டவுட்டு, காலைல எடுக்கலன்னா ஏர் ஃபில்டர்ல சட்டுனு தீப்பிடிக்கிற ஈதர் ஸ்பிரே அடிச்சா உடனே பிடிச்சுக்கும்ங்கறாங்களே, அடிக்கலாமா?

ஊட்டி_வண்டிக்காரன்:

அடிக்காதீங்க தம்பி. ஹீட்டர் பிளக் செவக்க செவக்க சூடா இருக்கும்போது அந்த ஈதர் உள்ள போச்சுன்னா நேரம் தப்பி வெடிக்கும், பிஸ்டன் போயிடும். ஃபில்டர் மேல கை பம்ப் இருந்தா அது கெட்டியாகுற வரைக்கும் அமுக்கிட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க, அதுல உடனே எடுத்துச்சுன்னா உங்களுக்கும் என் கேஸ்தான், ஓ ரிங்க பாருங்க.