பாலைவனத்துல இவ்ளோ பெரிய ஊர் எப்படி வந்துச்சு?

கேள்வி: அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரம் முன்னாடி வெறும் விவசாய ஊராமே, தண்ணிக்கு என்னதான் பண்ணாங்க?

பதில் 1: ஹோஹோகம் பழங்குடிங்க பல நூறு வருசம் முன்னாடியே வாய்க்கா வெட்டி வச்சிருந்தாங்க பாஸ், 1867ல ஜாக் ஸ்விலிங்னு ஒருத்தர் அந்தத் தடத்தைப் பாத்துதான் கம்பெனி ஆரம்பிச்சு திரும்ப வெட்டினாரு, சாம்பல்ல இருந்து திரும்ப எழும்புற கதைப் பறவை ஃபீனிக்ஸ் மாதிரி, அழிஞ்ச ஊர் மேல புது ஊர் எழும்புதுன்னுதான் ஃபீனிக்ஸ்னு பேரே. 1911ல ரூஸ்வெல்ட் அணை முடிஞ்சப்புறம் பருத்தி, ஆரஞ்சுன்னு பிச்சு உதறிட்டாங்க.

பதில் 2: அணை சரி, ஏசி இல்லன்னா அந்த வெயில்ல எவன் குடியிருப்பான்? 1950ல ஒரு லட்சத்துச் சொச்சம் பேரு, 2020ல 16 லட்சம்.

பதில் 3: பழைய ஏரியா வீடுங்கள்ல இன்னைக்கும் மடை திறந்து புல்தரைக்கு வாய்க்கா தண்ணி விடுறாங்க, அப்படியே நடவு வயல் மாதிரி நிக்கும் 😄