"வார்த்தை வந்தது" என்று சொல்லி யாரையாவது நோகடித்ததுண்டா?

கடைசிப்பெஞ்ச்:

தங்களுக்குச் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனம் எப்படி நிறைவேறியது என்று நிறையப் பேர் சாட்சி சொல்கிறார்கள். நான் சொன்னது என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். பதினொரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் விடவில்லை.

புதன்கிழமை வீட்டுக் கூட்டம். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. "தம்பிக்கு வரம் இருக்கு" என்று பாஸ்டரே சபையில் சொல்லியிருந்தார், அப்புறம் என்ன. ஜெபத்தின் நடுவில் அந்த வீட்டு அக்காவைப் பார்த்து, "உள்ளே ஒரு கசப்பு இருக்கிறது, நீங்கள் மன்னிக்காததுதான் உங்கள் மகனைத் தூரத்தில் வைத்திருக்கிறது" என்றேன். இருபது பேர் முன்னால். மகன் ஆறு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். எனக்குச் சொன்னது ஆவியானவரா, தெருவா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா அழவில்லை. "ஆமென்" என்றார். கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டினார். கோணலாகப் போனது. விரித்துத் திரும்பச் சுருட்டினார். அதுவும் கோணல். மூன்றாவது தடவை அப்படியே சுவரோரம் சாய்த்துவிட்டு, எல்லாருக்கும் சுக்குக் காபி கொண்டுவந்தார். எனக்குக் கருப்பட்டி பிடிக்காது என்பதால் என் டம்ளரில் மட்டும் சர்க்கரை. அன்றைக்கும் மறக்காமல் போட்டிருந்தார்.

அடுத்த புதனிலிருந்து அவர் வீட்டில் கூட்டம் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நான் உட்பட.

காலிப்பர்:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். சின்ன வயதில் போலியோ, இடது கால். கன்வென்ஷன் மைதானத்தில் கடைசி ராத்திரி நான்கு பையன்கள் வந்து கை வைத்தார்கள். நல்ல பையன்கள்தான், வியர்த்து விறுவிறுத்து ஜெபித்தார்கள். காலைத் தாங்குகிற இரும்புப் பட்டை, அந்தக் காலிப்பரைக் கழற்றச் சொன்னார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் குனிந்து பட்டையை அவிழ்த்துவிட்டான். "நடங்க!" இரண்டு அடி வைத்தேன். ஆற்று மணல் வேறு. விழுந்தேன்.

"விசுவாசம் பத்தலை அங்கிள்." எனக்கு அப்போது முப்பத்தொன்று.

அதற்குள் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டார்கள், போய்விட்டார்கள். காலிப்பர் எனக்கு எட்டாத தூரத்தில் மணலில் கிடந்தது. கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா அதை எடுத்து, முட்டிக் கீலில் இருந்த மணலை முந்தானையால் துடைத்து, "எந்தப் பட்டையை முதல்ல மாட்டணும் தம்பி?" என்று கேட்டார். மேலே இருப்பதை என்றேன். மாட்டிவிட்டுக் கடலைக்குப் போய்விட்டார். அவர் வேதக்காரரா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெரேயா77:

என் அனுபவம் சின்னது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு ஊழியக்காரர் "மாத்திரை அவிசுவாசம்" என்றார். அம்மா நிறுத்தினார். இரண்டு கால் விரல் போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேலே இருவரும் எழுதியதை வாசித்தால் "தவறாகப் பயன்படுத்தப்பட்ட வரம்" என்றுதான் தோன்றும். அது வரம் என்று யார் சொன்னது? நாலாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா யோவான் கிறிசோஸ்தோம், வரங்களைப் பற்றிய முதலாம் கொரிந்தியர் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, இந்தப் பகுதி நமக்கு விளங்காமல் இருக்கிறது, இவையெல்லாம் இப்போது நடப்பதில்லை என்றார். தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க, அதாவது சொன்னது சரியா என்று எடைபோட வேண்டும் என்று அதே நிருபம் 14:29 சொல்கிறது. உங்கள் வீட்டுக் கூட்டத்தில் நிதானித்தது யார்? ஒருவரும் இல்லை. ஒருவன் பேசிக்கொண்டிருக்கையில் உட்கார்ந்திருக்கிற இன்னொருவனுக்கு ஏதாவது வெளிப்பட்டால் முந்தினவன் வாயை மூட வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. எந்தச் சபையில் இது நடக்கிறது, சொல்லுங்கள். "எனக்கு அடக்க முடியவில்லை, ஆவியானவர் தள்ளினார்" என்ற பேச்சும் செல்லாது, தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்று பவுல் எழுதிவிட்டார். கடைசிப்பெஞ்ச் தம்பி, நீங்கள் முதலில் அந்த அக்காவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் அல்ல. பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் அவருக்கும் பங்கு உண்டு. அந்த இருபது பேரில் கிடைக்கிறவர்களையும் வரச் சொல்லுங்கள், சபை முன் செய்ததைச் சபை முன்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு அப்புறம் ஒரு வருஷம் பொதுவில் வாயே திறக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், எத்தனை பலித்தது என்று பாருங்கள். காலிப்பர் ஐயா, அந்த மைதானத்து அமைப்பாளர்களுக்கு நீங்கள் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

ஷார்ஜா வெள்ளி:

பெரேயா, கிறிசோஸ்தோமைச் சொன்னீர்கள். அவருக்கு இருநூறு வருஷம் முந்தி ஐரேனியஸ் என்ற பிஷப், எங்கள் சபையில் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களும் ஆவியால் பல பாஷை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று எழுதினாரே, அதை ஏன் விட்டீர்கள்? அவ்வளவு தூரம் ஏன், நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே 1860ல் சுவிசேஷகர் அருளப்பன் காலத்து எழுப்புதலில் பாஷையும் தரிசனமும் இருந்தன. பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான, அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலுக்கு அது நாற்பத்தாறு வருஷம் மூப்பு. பொத்தாம்பொதுவாக ஓய்ந்துபோயிற்று என்று மூடிவிட்டால் காலிப்பர் ஐயாவுக்கு நடந்ததற்குப் பதில் கிடைத்துவிடுமா?

சரி, என் கதை. எனக்கு வேறு வரம் கிடையாது, மொழிபெயர்ப்பேன். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். "உங்களில் சிலர் கடனில் கிடக்கிறீர்கள், தசமபாகத்தைத் திருடினதால்" என்றார், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்காததால். இரண்டாவது வரிசையில் லேபர் கேம்ப் ஆட்கள். நான்கு மாதச் சம்பளம் வராதவர்கள். முந்தின ராத்திரி அவர்களில் ஒருவருக்கு நான்தான் ஊருக்குப் பணம் போட்டுவிட்டேன். பிரசங்கியார் என்னைப் பார்க்கிறார். நான் மைக்கில், "கடனில் கிடக்கிற உங்களை ஆண்டவர் கைவிடவில்லை" என்றேன்.

ஆமென் என்றால் அப்படி ஒரு ஆமென், தகரக் கூரை அதிர்ந்தது. பிரசங்கியாருக்கு ஒரே சந்தோஷம். அதே வாக்கியத்தை இன்னும் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை அதையே சொன்னேன்.

அன்பா, பொய்யா என்று இன்றைக்கும் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

பெரேயா77:

பொய்.

காலிப்பர்:

எனக்கு அன்றைக்கு இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கலாம். பெரேயா ஐயா, கடிதம் எழுதினேன். பதிலாக அடுத்த வருஷக் கன்வென்ஷன் நோட்டீஸ் வந்தது.

அசனச் சட்டி:

எல்லாரும் பாஷை, தீர்க்கதரிசனம், சுகம் என்றே எழுதுகிறீர்கள். அதே முதலாம் கொரிந்தியர் 12:28ல் "உதவிகள்" என்று ஒன்று பாஷைக்கு முன்னாலேயே இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. என் வரம் அதுதான், அதிலும் இந்த வியாதி உண்டு.

எங்கள் ஊர்ச் சபை விருந்துக்கு, அதுதான் அசனம், அதற்கு இருபது வருஷமாக நான் அடுப்படியில். அரிசி கழுவுவதிலிருந்து அண்டா விளக்குவது வரை. அன்றைக்கு காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறேன், கால் வீங்கிப்போச்சு. பந்தி முடிகிற நேரம் ஒரு பையன், எட்டு வயசிருக்கும், சாப்பிட்டு எழுந்தவன் தூக்குவாளியோடு திரும்ப வந்து நிற்கிறான். "வீட்டுக்கெல்லாம் கட்டித்தர முடியாது, உங்கப்பன் வீட்டு அசனமா?" என்று கத்தினேன். குழம்பில் கறி இருந்தது. இல்லாமல் சொல்லவில்லை. பையன் ஒன்றும் பேசாமல் வாளி மூடியை மூடினான். மூடி அமுங்கவில்லை, பழைய வாளி. அதை அமுக்கிக்கொண்டே போனான். கிடையில் கிடக்கிற ஆச்சிக்காம், பக்கத்தில் இருந்தவள் அப்புறம் சொன்னாள். ஓடிப் போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம்.

அன்பைப் பற்றிச் சொல்கிற பதின்மூன்றாம் அதிகாரத்தைக் கல்யாணத்தில் வாசித்து வாசித்து அது மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதியது போல ஆகிவிட்டது. அது எழுதப்பட்டது, யாருடைய வரம் பெரிசு என்று அடித்துக்கொண்ட சபைக்கு. பதினொன்றாம் அதிகாரத்தில் பாருங்கள், ஆண்டவருடைய பந்தியிலேயே ஒருத்தன் பசியோடு இருக்கிறான், ஒருத்தன் வெறித்திருக்கிறான். கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன ஊராம். "சத்தமிடுகிற வெண்கலம்" என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அண்டாதான் ஞாபகம் வரும்.

கடைசிப்பெஞ்ச்:

பெரேயா ஐயா, பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியாகத்தான் போனேன், நான்காவது வருஷம். வாசலில் நின்றுகொண்டே, "அக்கா, அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னித்துவிடுங்கள்" என்றேன். "என்ன வார்த்தை தம்பி? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். ஞாபகம் இல்லாமலா இருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மகன் அவனாகவே வந்துவிட்டானாம், பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறானாம். நான் சொன்னதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சுக்குக் காபி வந்தது. இந்தத் தடவை என் டம்ளரிலும் கருப்பட்டி. மறந்து போட்டாரா, தெரிந்து போட்டாரா, கேட்கிற தைரியம் வரவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

அசனச் சட்டி:

சுக்குக் காபிக்குச் சர்க்கரை போட்டதே முதலில் தப்பு தம்பி. உடன்குடிக் கருப்பட்டி வாங்கிப் பாருங்கள், அப்புறம் பிடிக்காது என்று சொல்லுங்கள்.