மேலே பாய்ந்த பாஸ் மீன் ஏன் கைக்கு வரல? காஸ்டிங் ராட் (வீசிப் பிடிக்கிற தூண்டில் கோல்) பற்றி நம்ம அனுபவங்கள்

மூணு வாரத்துல பதினோரு கடி. கரைக்கு வந்தது ரெண்டே மீன். மனசு ஆறவே இல்ல, அதான் எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது 7 அடி ஹெவி ராட், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். ஜிக் (ஈயத் தலை வச்ச முள்) போடறதுக்காக வாங்கினது. அதுலயே 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் தூண்டில் நரம்பு) சுத்தி, தண்ணி மேல இடமும் வலமுமா தலையாட்டி வர்ற நீள லூரை (போலி இரையை) கட்டி வீசினேன். விடிஞ்சும் விடியாத நேரம், காத்தே இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி. அடியிலிருந்து பாஸ் எழும்பி வாயைத் திறக்கிற அந்தச் சத்தத்துக்காகவே எத்தனை நாள் வேணும்னாலும் சீக்கிரம் எழுந்திருக்கலாம். ஆனா சுண்டி இழுத்தா அரை நொடி கனம் தெரியுது, அப்புறம் வெறும் நரம்புதான். ஒரு தடவை லூர் நேரா என் முகத்துக்கே பறந்து வந்து கண்ணாடியில பட்டுத் தெறிச்சது. கண்ணாடி போடாம யாரும் இதைச் செய்யாதீங்க. இன்னொரு தடவை பார்த்தா லூர்ல தொங்கற மூணுமுள் கொக்கியில ஒரு முள் நிமிர்ந்தே போயிருந்துச்சு.

ராட் மாத்தணுமா, என் கை மாறணுமா? இதே மாதிரி இழந்தவங்க சொல்லுங்க.

*

ரெண்டும் மாறணும் தம்பி. ஆனா ராட் மாறினா கை தானா பாதி மாறிடும், எனக்கு அப்படித்தான் நடந்தது.

நானும் ஒரு வருஷம் முழுக்க விறைப்பான ராட்லதான் மேல்நீர் லூர் வீசினேன். மீன் தண்ணியைத் தெறிக்க விட்டதும் கை தானா வெட்டி இழுத்துடும். பாஸ் அப்போ லூரை முழுசா வாங்கியே இருக்காது. வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சுற மீன் அது. அந்த நேரத்துல பிடுங்கினா வாயிலிருந்து நாமே எடுத்துடறோம். மூணுமுள் கம்பி வேற மெல்லிசு, நல்லா கூரா இருந்தா லேசான அழுத்தத்துக்கே ஏறிடும். அதுக்கு நீட்சியே இல்லாத பிரெய்டும் கட்டை மாதிரி ராடும் சேர்ந்தா, முள் நிமிரும், இல்ல வாயோரத்தைக் கிழிச்சிட்டு வரும். உங்க நிமிர்ந்த முள் இதைத்தான் சொல்லுது.

கடைசியில 6 அடி 10 அங்குலத்துல மீடியம் பவர், மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராட் எடுத்தேன். இந்த ரெண்டையும் போட்டு நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பவர்னா ராடை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கிறது. ஆக்‌ஷன்னா எந்த இடத்துல வளையுதுங்கிறது. ஃபாஸ்ட்ல நுனி மட்டும் வளையும், மாடரேட்ல பாதி ராடு வரைக்கும் வளைவு இறங்கும். அந்த வளைவுதான் நான் அவசரப்பட்டாலும் மீனுக்குக் கொஞ்ச நேரம் கொடுக்குது. மீன் தலையை உதறும்போதும் நரம்பு தொய்யாம பிடிச்சுக்குது. கண்ணாடியிழை கலந்த ராடுல இது இன்னும் மென்மையா இருக்கும், ஆனா கனம் கூடும். ஒரு காலைப் பொழுது முழுக்க ஆட்டிக்கிட்டே இருக்கணும்ங்கிறதால நான் கிராஃபைட்லயே நின்னுட்டேன்.

சத்தம் கேட்டதும் இழுக்காதீங்க. ராடுல கனம் தெரிஞ்ச பிறகு ரீலைச் சுத்திக்கிட்டே பக்கவாட்டுல அமைதியா சாய்ச்சா போதும்.

*

எல்லாரும் பவர், ஆக்‌ஷன்னு பேசறீங்க. நீளத்தையும் பின்பிடியையும் (ரீலுக்குப் பின்னால இருக்கிற கைப்பிடி) யாரும் தொடல. என் உயரம் 5 அடி 1 அங்குலம். முதல்ல 7 அடி 3 அங்குல ராட் வாங்கினேன். லூரை இடமும் வலமுமா நடக்க வைக்க நுனியைக் கீழே சாய்ச்சுத் தட்டணும், இல்லையா? கரையில நின்னு தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் நுனி தண்ணியில அடிச்சது. பின்பிடி நீளம், அது முழங்கையில இடிச்சுக்கிட்டே இருந்தது. ஒரு மணி நேரத்துல மணிக்கட்டு வீங்கினாப்ல ஆயிடும். லூர் ஆட்டம் கெட்டதுக்கு என் கைதான் காரணம்னு நினைச்சேன். 6 அடி 6 அங்குல ராட் கைக்கு வந்த முதல் நாளே லூர் அழகா நடந்துச்சு.

அதனால ராட் எடுக்கும்போது ரீலை மாட்டச் சொல்லுங்க. நுனியைக் கால் பக்கம் சாய்ச்சு ரெண்டு நிமிஷம் விடாம தட்டிப் பாருங்க. முழங்கையில இடிச்சாலோ தரையில பட்டாலோ, எவ்வளவு நல்ல ராடா இருந்தாலும் அது உங்களுக்கு இல்ல. படகுல உயரமா நிக்கிறவங்களுக்கு 7 அடி தொந்தரவே பண்ணாது. நீள ராடு தூரமாவும் போகும், தொய்ஞ்ச நரம்பைச் சீக்கிரமா வாரியும் எடுக்கும்.

*

அக்கா சொன்னது சரி. ஆனா மீடியம் ராட்தான் மேல்நீருக்குன்னு யாராவது முடிவு பண்ணிடப் போறாங்கன்னு எனக்குக் கவலை. அப்படி நம்பித்தான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய பாஸை விட்டேன்.

அல்லி இலை மூடின இடம். உள்ளே காத்து நிறைஞ்ச தவளை லூர், மீடியம் ராட். மீன் இலையோட சேர்த்து வாங்கிச்சு. நான் இழுக்க ராடு வளைஞ்சுக்கிட்டே போச்சு, மீன் இருந்த இடத்தை விட்டு அசையல. கொடிக்குள்ள தலையைச் சொருகிட்டு முள்ளை உதறிட்டுப் போயிடுச்சு. தவளையில ரெண்டு முள்ளும் உடம்போட ஒட்டி மேல்நோக்கி இருக்கும், கம்பியும் தடிமன். அந்த உடம்பு அமுங்கினாதான் முள்ளே வெளிய வரும். அதை மீடியம் ராட் செய்யாது. இப்போ 7 அடி 3 அங்குல ஹெவி, 65 பவுண்டு பிரெய்டு. ஜிக் ராட் வச்சிருக்கிற தம்பிக்குச் சொல்றேன், அதைத் தூக்கிப் போடாதீங்க, தவளைக்கு வச்சுக்குங்க. நுனி மட்டும் கொஞ்சம் இளக்கமா இருந்தா தவளையை ஒரே இடத்துல ஆட்டவும் முடியும்.

*

நரம்பு பத்தி ஒரு வார்த்தை. நல்ல ராட் வாங்கிட்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு போட்டு ஒரு மாசம் வீணாக்கினேன். அதோட அடர்த்தி தண்ணியைப் போல 1.78 மடங்கு. மூழ்கிப் போய் பாப்பரோட (தண்ணி மேல சத்தம் போட்டு வர்ற லூர்) மூக்கைக் கீழே இழுக்கும். நைலான் மோனோ (ஒற்றை இழை நரம்பு) 1.14 தான், பிரெய்டு 0.97, அதனால மிதக்கும். பிரெய்டுல ஒரு தொந்தரவு, நரம்பு தொய்யும்போது ராட் நுனி வளையத்துல சுத்திக்கும். முன்னால ஒரு முழம் தடிச்ச மோனோ கட்டினதும் எனக்கு அது ரொம்பக் குறைஞ்சிடுச்சு. கட்டின முடிச்சு நுனி வளையத்துல சிக்காம போகுதான்னு மட்டும் பார்த்துக்குங்க.

*

கேள்வி கேட்டவன்தான் திரும்ப வந்திருக்கேன்.

நண்பர்கிட்ட 6 அடி 10 அங்குல மீடியம் ராட் வாங்கிட்டுப் போனேன். ராடுல கால் முதல் முக்கால் அவுன்ஸ்னு போட்டிருந்தது, அதாவது 7 கிராம்ல இருந்து 21 கிராம் வரை. என் 7 கிராம் பாப்பரை ஹெவி ராடுல வீசினா ராடு வளையாது, பலமா வீசப் போய் ரீலுக்குள்ள நரம்பு கூடு கட்டிடும். இதுல லேசா வீசினாலே ராடு அதைத் தூக்கிக் கொடுத்துச்சு.

ரெண்டு நாள், அஞ்சு கடி, நாலு மீன் கையில. விட்டது ஒண்ணு, அது சத்தத்துக்கே நான் இழுத்தது. மத்த நாலுலயும் பல்லைக் கடிச்சுக்கிட்டு கனத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு மீன்ல பின்னாடி மூணுமுள்ளோட ஒரே முள்தான் வாயோரத் தோல்ல தொங்கிட்டு இருந்துச்சு, கைக்கு வந்த பிறகு தானா கழண்டுடுச்சு. பழைய ராடா இருந்தா நிச்சயம் போயிருக்கும்.

அக்கா, அந்த ராடோட பின்பிடி எனக்கும் முழங்கையில இடிக்குது. எனக்குன்னு வாங்கும்போது ரீலை மாட்டித் தட்டிப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன். பழைய ஹெவியில நேத்தே தவளையைக் கட்டி வச்சுட்டேன்.