ஜவ்வு விலகலுக்குச் சின்னத் துளை ஆபரேஷன்: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் எனக்கு ஒரு கடை. போன ஐப்பசியில் முட்டைக்கோஸ் மூட்டையைக் குனிந்து புரட்டியபோது இடுப்பில் சுருக்கென்றது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துப் படுத்தேன். பத்து நாளில் வலி இடுப்பை விட்டு இறங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் பெருவிரல் வரை கரண்ட் மாதிரி இழுத்தது. தும்மினால் உயிர் போகும். எம்ஆர்ஐ ஸ்கேனில், எல்4-எல்5 என்கிற கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது.

மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஓர் ஊசி என்று மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார் டாக்டர். வரவில்லை. அன்றைக்கே தேதி குறித்தோம்.

குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒரு துளை. அதில் பேனா தடிமனில் கேமரா வைத்த குழாய். முழு மயக்கம் கிடையாது. நரம்பில் பட்டால் நான் கத்த வேண்டுமாம்! ஊரில் எல்லோரும் இதை லேசர் ஆபரேஷன் என்கிறார்கள். எனக்கு ஜவ்வை எடுத்தது என்னவோ குட்டி இடுக்கிதான். எடுத்த துணுக்கைக் காட்டினார்கள், நண்டுச் சதை மாதிரி வெள்ளையாக இருந்தது.

சாயங்காலமே நடந்துவிட்டேன், கால் இழுப்பு இல்லை. ஆனால் எட்டு மாதமாகியும் விரலில் மரமரப்பு பாதி இருக்கிறது, இடுப்பும் அவ்வப்போது வலிக்கிறது. இது கால் வலிக்கான ஆபரேஷன், இடுப்பு வலிக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

திருமங்கலத்திலிருந்து:
அண்ணே, எனக்கும் அதே ஜவ்வுதான். காலில் பலம் குறையாததால் பொறுக்கச் சொன்னார்கள். பிதுங்கியதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளுமாம். ஏழாவது வாரம் பெரியார் நிலையம் வரை பஸ்ஸில் உட்கார்ந்தே போய் வந்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள்.

மேலூரிலிருந்து:
எங்கள் அப்பா இடுப்பைத் தட்டிவிடுகிற ஒருவரிடம் இரண்டு வாரம் போனார். ஒரு ராத்திரி மூத்திரம் அடைத்துக்கொண்டது, உட்காரும் இடமெல்லாம் மரத்துவிட்டது. விடியட்டும் என்று இருந்தோம், அதுதான் தப்பு. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வயலுக்கு நடந்தே போகிறார். மூத்திரத்துக்கு மட்டும் இன்னும் ட்யூப்தான்.